அசந்தால் விரலைத் துளைக்கும் ஆணி துப்பாக்கி! வாங்கும்போதும் உஷார், பிடிக்கும்போதும் உஷார்

சென்னை:
பல் வலி தாங்க முடியவில்லை என்று பல் டாக்டரிடம் போனார் ஒரு தொழிலாளி. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தவர்களுக்கு தூக்கிவாரிப் போட்டது. வாய்க்கு மேலே மண்டைக்குள் 4 அங்குல நீளத்துக்கு ஒரு ஆணி!

கட்டுக்கதை இல்லை. 2005-ம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் இருந்து வந்த செய்தி. 6 நாளைக்கு முன்பு வேலை பார்த்தபோது அவர் கையில் இருந்த ஆணி துப்பாக்கி எகிறி அடித்தது. ஒரு ஆணி பக்கத்து மரத்தில் பாய்ந்ததை அவரே பார்த்தார். 'நல்லவேளை, தப்பிச்சோம்' என்று வேலையைத் தொடர்ந்தார். கூடவே இன்னொரு ஆணியும் கிளம்பி வாய் வழியாக மேலே ஏறியது அவருக்கே தெரியவில்லை. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். ஆள் பிழைத்துக் கொண்டார்.

'அது அமெரிக்கா, நமக்கென்ன?' என்று நினைக்க வேண்டாம். அதே மாதிரி துப்பாக்கிதான் இன்றைக்கு நம்ம ஊர் பட்டறைகளிலும் 'டப் டப்' என்று வெடித்துக் கொண்டிருக்கிறது.

சுத்தியல் போச்சு, கன் வந்தாச்சு

அம்பத்தூர், திருமுடிவாக்கம், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் பேலட் அடிக்கிற பட்டறை, பேக்கிங் பெட்டி செய்கிற பட்டறை எதற்குள் வேண்டுமானாலும் எட்டிப் பாருங்கள். ஒரு காலத்தில் வாயில் நாலு ஆணியைக் கவ்விக்கொண்டு, சுத்தியலால் 'டொக் டொக்' என்று அடிப்பார்கள். இப்போது மூலையில் ஒரு கம்ப்ரசர் ஓடும். அதில் இருந்து பாம்பு மாதிரி குழாய் வரும். குழாய் முனையில் கன். மரத்தில் வைத்து அழுத்தினால் ஒரே அடி, ஆணி தலை வரைக்கும் உள்ளே.

பட்டறையில் இதை 'ஏர் கன்', 'நெயில் கன்', 'காயில் கன்' என்று பல பேரில் சொல்வார்கள். இதன் பிறந்த ஊர் அமெரிக்கா. அங்கே வீட்டையே மரச் சட்டத்தில்தான் கட்டுகிறார்கள். சுவர், தரை, கூரை எல்லாம் மரச்சட்டம் நிறுத்தி, ஆணி அடித்து எழுப்புவது. ஒரு வீட்டுக்கு ஆயிரக்கணக்கில் ஆணி. சுத்தியலை வைத்துக்கொண்டு மாளாது என்று 1950-களில் காற்றில் அடிக்கிற துப்பாக்கியை இறக்கினார்கள். சட்டம் அடிக்கிற பெரிய கன்னுக்கு அங்கே 'பிரேமிங் நெய்லர்' என்று பெயர். 2 அங்குலத்தில் இருந்து மூன்றரை அங்குலம் வரை ஆணி அடிக்கும்.

நம்ம ஊரில் மர வீடு கிடையாது. ஆனால் பேலட் உண்டு, கனரக மெஷின் போகிற பெட்டி உண்டு. அந்த வேலைக்கு இதே ஜாதி கன்தான்.

உள்ளே நடப்பது என்ன?

சிம்பிள். கன்னுக்குள் ஒரு சிலிண்டர், அதில் ஒரு பிஸ்டன், பிஸ்டன் அடியில் நீளமான இரும்புத் தகடு. விசையை அழுத்தியதும் வால்வு திறந்து காற்று மொத்தமும் பிஸ்டன் தலையில் இறங்குகிறது. தகடு ஆணியின் தலையில் ஒரே போடு. அடுத்த நொடி காற்று வெளியே 'புஸ்' என்று போகிறது, பிஸ்டன் பழையபடி மேலே, அடுத்த ஆணி வாசலுக்கு வந்து நிற்கிறது.

அவ்வளவு பெரிய அடியை அடிக்கிற கருவி அடித்த வேகத்தில் பின்னால் எகிறும். பட்டறைக்காரர்கள் 'உதைக்குது' என்பார்கள். விபத்துக்கு ஒரு முக்கியக் காரணம் இந்த உதைதான். எப்படி என்று பார்ப்போம்.

விசையில் ரெண்டு ரகம்! கட்டாயம் தெரிஞ்சுக்கணும்

கன்னுக்கு ரெண்டு இடத்தில் காவல். ஒன்று நம்ம விரல் வைக்கிற விசை. இன்னொன்று கன்னின் மூக்கு. மூக்கு நுனியில் இருக்கிற இரும்பு மரத்தில் பட்டு உள்ளே அமுங்கினால்தான் ஆணி வரும். சினிமா துப்பாக்கி மாதிரி தூரத்தில் நின்று சுட முடியாது.

இந்த ரெண்டும் எந்த வரிசையில் வேலை செய்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கு. அதில் நாலு வகை உண்டு என்பார்கள். நமக்கு ரெண்டு தெரிந்தால் போதும்.

முதல் ரகம், விசையை அழுத்திப் பிடித்தபடியே மூக்கால் மரத்தைத் தட்டிக்கொண்டே போகலாம். தட்டுகிற இடமெல்லாம் ஆணி. டப், டப், டப். வேகமோ வேகம். இதை 'தட்டு விசை' என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டாவது ரகத்தில் முதலில் மூக்கை மரத்தில் வைத்து அழுத்த வேண்டும். அதற்கு அப்புறம் விசை. ஒரு ஆணிதான் வரும். அடுத்த ஆணிக்கு ரெண்டையும் விட்டுவிட்டு, மறுபடி மூக்கு, மறுபடி விசை. வரிசை மாறினால் வேலை செய்யாது. இது 'வரிசை விசை'.

தட்டு விசையில் ஆபத்து என்ன? விரல் விசையிலேயே இருக்கிறது. ஒரு ஆணி அடித்ததும் கன் உதைத்து மேலே எழும்புகிறது. நாம் கையை இறுக்கி மறுபடி கீழே அமுக்குகிறோம். மூக்கு திரும்பவும் எங்கேயோ படுகிறது. படுகிற இடம் மரமாக இருந்தால் கூடுதலாக ஒரு ஆணி, அவ்வளவுதான். பலகையைப் பிடித்திருக்கிற இடது கையாக இருந்தால்..? கன்னுக்கு மரம் எது, மனுஷன் எது என்று தெரியாது.

பட்டறையில் தினமும் கேட்கிற பேச்சு இது.

"டேய் தம்பி, அந்த கன்னை இப்படிக் குடுறா."

"இந்தாங்கண்ணே."

தம்பி கன்னைத் தூக்கி நீட்டுகிறான். பிடிக்க வசதி என்று விரல் விசையில். அண்ணன் பேலட்டைப் பார்த்துக்கொண்டே கையை நீட்டுகிறார். மூக்கு அவர் உள்ளங்கையில் முட்டுகிறது. 'டப்!' தம்பி மேல் தப்பா, அண்ணன் மேல் தப்பா? அதே கன் வரிசை விசையாக இருந்திருந்தால் ஆணியே வந்திருக்காது.

அமெரிக்கா கணக்கு சொல்வது என்ன?

அங்கே 2001 முதல் 2005 வரை ஆணி துப்பாக்கி காயத்தோடு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு வந்தவர்களைக் கணக்கு எடுத்தார்கள். ஆண்டுக்கு சராசரி 37 ஆயிரம் பேர்! பாதிக்கு மேல் கை, விரல் காயம். கையில் பட்டவர்களில் நாலில் ஒருத்தருக்கு நரம்பு, தசைநார், மூட்டு, எலும்பு என்று ஏதாவது ஒன்று கெட்டுப் போயிருந்தது. அடுத்த இடம் தொடை, முழங்கால், பாதம்.

தச்சு வேலை கற்றுக்கொள்ளும் பயிற்சித் தொழிலாளிகளையும் ஆராய்ந்தார்கள். 4 வருட பயிற்சிக்குள் 5 பேரில் 2 பேர் ஆணி துப்பாக்கியில் அடிபட்டிருந்தார்கள். 10 பேரில் ஒருவர் மூன்று தடவையோ அதற்கு மேலோ! வரிசை விசை கன்னை விட தட்டு விசை கன்னில் காயம் ரெண்டு மடங்கு என்பதும் அந்த ஆராய்ச்சிகளில் தெரிந்தது. இதையெல்லாம் வைத்து 2011-ல் அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்புத் துறைகள் ஒரு கையேடு போட்டன. அதில் முதல் அறிவுரையே வரிசை விசையைப் பயன்படுத்துங்கள் என்பதுதான்.

நம்ம ஊரில் இப்படி கணக்கு எடுத்து யாரும் பக்கம் பக்கமாகப் போடவில்லை. ஆனால் பேலட் பட்டறையில் நாலைந்து வருஷம் இருந்த யாரிடமாவது கையைக் காட்டச் சொல்லுங்கள். தழும்பு பேசும்.

வேகம் குறைஞ்சா கூலி குறையுமே?

நியாயமான கேள்வி. பல பட்டறைகளில் பீஸ் ரேட். இத்தனை பேலட் அடித்தால் இத்தனை ரூபாய். வரிசை விசை போட்டால் ஒவ்வொரு ஆணிக்கும் விரலை விட்டு விட்டு அழுத்தணும். வயித்துல அடிக்கிற வேலையாச்சே என்று தோணும்.

இதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அனுபவமுள்ள 10 தச்சர்களைக் கூப்பிட்டு, ஒரே மாதிரி ரெண்டு சின்ன மரக் கொட்டகையை ஆளுக்கு ஆள் கட்டச் சொன்னார்கள். ஒன்றுக்கு தட்டு விசை, இன்னொன்றுக்கு வரிசை விசை. ஆணி அடிக்கிற நேரத்தில் தட்டு விசை 10 சதவீதம் வேகம். ஆனால் அளந்து, அறுத்து, தூக்கி வைத்து, கட்டி முடித்த மொத்த நேரத்தில் பார்த்தால் வித்தியாசம் ஒரு சதவீதம் கூட இல்லை! விசையை விட ஆளுக்கு ஆள் வேகம்தான் அதிகம் மாறியது.

பேலட் வேலையில் அறுப்பு குறைவு, அடிப்பு அதிகம். அதனால் வித்தியாசம் கொஞ்சம் கூடத்தான் இருக்கும், மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் கையில் ஆணி ஏறி ரெண்டு வாரம் வீட்டில் உட்கார்ந்தால் போகிற கூலியை அதோடு தட்டிப் பாருங்கள். தட்டு விசை கன்தான் இருக்கு, வேறு வழியில்லை என்றால், அச்சில் பூட்டி வைத்த பேலட்டில், இன்னொரு கை கிட்டேயே வராத வேலைக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம். கையால் பிடித்து அடிக்கிற துண்டு வேலைக்கு அது வேண்டவே வேண்டாம்.

கடையிலேயே சோதிச்சுப் பாருங்க

பாரிமுனை, மண்ணடி டூல்ஸ் கடைகளில் வாங்கினாலும் சரி, கைமாற்றில் செகண்ட் ஹேண்ட் எடுத்தாலும் சரி, கன் எந்த ரகம் என்று கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். காற்று கொடுத்து சோதிக்கச் சொல்லுங்கள். ஆணி ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாது. கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு வேஸ்ட் கட்டை மேல் செய்யணும்.

மூக்கு எதிலும் படாமல் விசையை மட்டும் அழுத்துங்கள். அடித்தால் கன்னில் கோளாறு, தொடவே தொடாதீர்கள். அடுத்து விசையைத் தொடாமல் மூக்கை மட்டும் கட்டையில் அமுக்குங்கள். அப்போதும் அடிக்கக் கூடாது. கடைசியாக, விசையை முதலில் அழுத்திப் பிடித்துக்கொண்டு மூக்கைக் கட்டையில் வையுங்கள். அடித்தால் அது தட்டு விசை ரகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிக்காமல் இருந்து, மூக்கை வைத்த பிறகு விசையை அழுத்தினால் மட்டும் அடித்தால் அதுதான் வரிசை விசை. சில கம்பெனி கன்னில் ரெண்டுக்கும் மாற்றிக்கொள்ள சுவிட்ச் உண்டு. சிலதுக்கு வரிசை விசையைத் தனி உதிரி பாகமாக வாங்கி மாட்டலாம். கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.

செகண்ட் ஹேண்ட் கன்னில் இன்னொன்று பார்க்கணும். மூக்கை விரலால் அமுக்கி விட்டால் ஸ்பிரிங் 'டக்' என்று திரும்ப வெளியே வரவேண்டும். (இதைப் பார்க்கும்போது காற்றுக் குழாய் மாட்டியிருக்கக் கூடாது.) மந்தமாக வந்தாலோ, மாட்டிக்கொண்டு நின்றாலோ, ஸ்பிரிங்கே இல்லாமல் இருந்தாலோ விலையைக் கேட்காமல் திரும்பி வந்துவிடுங்கள். வேகமாக அடிக்க வேண்டும் என்று மூக்கைக் கம்பி போட்டுக் கட்டி வைக்கிற மகா கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள். காவல் ரெண்டில் ஒன்றைக் கட்டிப்போட்ட பிறகு அது வேலை செய்கிற கருவி இல்லை, நிஜத் துப்பாக்கிதான்.

எந்த சைஸ் வாங்கலாம்?

கன்னில் பொதுவாக ரெண்டு வடிவம். ஒன்று, ஆணியை வரிசையாக ஒட்டி, குச்சி மாதிரி சாய்வாகச் சொருகுவது. அமெரிக்க வீட்டு வேலையில் இது அதிகம். பட்டைக்கு 21 டிகிரி, 30 முதல் 34 டிகிரி என்று சாய்வு உண்டு. ஒரு சாய்வுக்கு வாங்கிய கன்னில் இன்னொரு சாய்வுப் பட்டை உட்காராது. இன்னொன்று, மெல்லிய கம்பியில் ஆணியை இணைத்து வட்டமாகச் சுருட்டி டப்பாவுக்குள் வைக்கிற காயில் கன். ஒரு தடவை போட்டால் 200, 300 ஆணி ஓடும். பேலட் பட்டறைக்கு இதுதான் தோது. ஆனால் கனம். பெரிய சைஸ் 4 கிலோ வரை இருக்கும், ஆணியோடு சேர்த்தால் இன்னும் கூட. நாள் முழுக்கப் பிடிக்கப் போகிறவர் யாரோ அவரைக் கடைக்குக் கூட்டிப் போங்கள். முதலாளி கைக்கு லேசாகத் தெரிவது தொழிலாளி தோளுக்கு சாயங்காலம் எப்படி இருக்கும் என்பது வேற.

காயில் கன்னில் 55, 70, 80, 90 என்று நம்பர் போட்டிருக்கும். அது ஏறக்குறைய அந்த கன் தாங்கும் ஆணியின் அதிகபட்ச நீளம், மில்லிமீட்டரில். 'எதுக்கும் இருக்கட்டும்' என்று பெரியதை வாங்க வேண்டாம். பெரிய கன்னில் சின்ன ஆணி உட்காராது.

ஆணி நீளத்துக்கு பழைய மேஸ்திரிகள் வைத்திருந்த கணக்கு இன்றைக்கும் செல்லும். மேலே இருக்கிற பலகை எவ்வளவு தடிமனோ அதில் மூன்று மடங்கு நீளம். அதாவது ஒரு பங்கு மேல் பலகையில், ரெண்டு பங்கு அடிக் கட்டையில். 20 மில்லி பலகை என்றால் 60 மில்லி ஆணி. அடியில் அந்த அளவுக்கு மரம் இருக்கிறதா என்றும் பார்க்கணும். இல்லாவிட்டால் ஆணி அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும். அந்தப் பக்கம் ஒருத்தர் தாங்கிப் பிடித்துக்கொண்டு இருப்பார்!

சோபா துணி அடிக்கிற ஸ்டேப்ளர், பீடிங் அடிக்கிற சின்ன பின் கன் எல்லாம் தனி சங்கதி. அதை வைத்து பேலட் அடிக்க முடியாது. இதை வைத்து சோபாவும் தைக்க முடியாது.

காற்று விஷயத்தில் கவனம்

இந்த கன்களுக்கு 70 முதல் 120 பி.எஸ்.ஐ. வரை காற்று போதும். பட்டறைக் கணக்கில் சொன்னால் 5 கிலோவில் இருந்து 8 கிலோ. கன் மேலேயே அதிகபட்சம் எவ்வளவு என்று எழுதியிருக்கும். அதைத் தாண்டக் கூடாது. குறைவில் ஆரம்பித்து, ஆணித் தலை மரத்தோடு மட்டமாக உட்காரும் வரை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். அதுக்கு மேல் ஏற்றினால் உதைதான் கூடும், ஓ-ரிங்கும் சீக்கிரம் போகும்.

கம்ப்ரசர் டேங்க்கில் தண்ணீர் சேரும். சென்னை மாதிரி கடலோர ஊரில் சொல்லவே வேண்டாம். தினமும் அடி வால்வைத் திறந்து விடுங்கள். காலையில் கன்னின் காற்று வாயில் நியூமேட்டிக் எண்ணெய் நாலைந்து சொட்டு போதும். என்ஜின் ஆயில், தேங்காய் எண்ணெய் எல்லாம் வேண்டாம், ரப்பர் பாகங்கள் கெட்டுவிடும்.

குழாய் மாட்டுகிற இணைப்பில் ஒரு நுணுக்கம் இருக்கு. பல பேர் கவனிப்பதில்லை. தானாக மூடிக்கொள்கிற பெண் கப்ளர் குழாய்ப் பக்கம்தான் இருக்க வேண்டும். கன்னில் வெறும் ஆண் முனை. மாற்றி மாட்டினால், குழாயைக் கழட்டிய பிறகும் கன்னுக்குள் காற்று அடைபட்டு நிற்கும். 'கழட்டியாச்சே' என்று விரலை உள்ளே விடுவீர்கள். ஒரு அடிக்குக் காற்று பாக்கி இருக்கும்!

இன்னொன்று, இதைப் பெரிய எழுத்தில் சுவரில் எழுதி வைத்தாலும் தகும். கம்ப்ரசர் ரிப்பேர் என்று பக்கத்து வெல்டிங் பட்டறையில் இருந்து ஆக்சிஜன் சிலிண்டரைக் கொண்டுவந்து மாட்டவே கூடாது. கன் தாங்குவது 8 கிலோ. நிறைந்த சிலிண்டரில் இருப்பது சுமார் 150 கிலோ. போதாததுக்கு கன்னுக்குள் எண்ணெய். ஆக்சிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் கன் கையிலேயே வெடிக்கும். வேறு எந்த காஸ் சிலிண்டரும் கூடாது. கம்ப்ரசர் காற்று மட்டும்தான்.

கை எங்கே இருக்கணும்?

ஆணி இறங்குகிற இடத்தில் இருந்து குறைந்தது ஒரு அடி தள்ளி. இதுதான் அமெரிக்கக் கையேடும் சொல்கிற கணக்கு, 12 அங்குலம். அவ்வளவு தள்ளி பிடிக்க முடியாத சின்னத் துண்டா? கிளாம்ப் போடுங்கள். கிளாம்பும் முடியவில்லையா? பழைய சுத்தியலை எடுங்கள், அவமானம் ஒன்றும் இல்லை.

ஏன் ஒரு அடி? மரத்தில் கணு இருக்கும். பைன் மரமானாலும் ரப்பர் மரமானாலும் காட்டு மரமானாலும் கணு கல் மாதிரி. அதில் பட்ட ஆணி நேராக இறங்காது. வளைந்து பக்கவாட்டில் வெளியே வரும். உள்ளே ஏற்கனவே இருக்கிற பழைய ஆணி மேல் அடித்தாலும் அதே கதி. பழைய பேலட்டைப் பிரித்துத் திரும்ப அடிக்கிற பட்டறைகளில் இது ரொம்ப சகஜம். கணு தெரிந்தால் ரெண்டு விரற்கடை தள்ளி அடியுங்கள். பலகை ஓரத்தில் அடிக்கும்போதும் ஜாக்கிரதை, மரத்தைப் பிளந்துகொண்டு ஆணி வெளியே பறக்கும்.

முழங்காலிலோ தொடையிலோ கட்டையை வைத்து அடிக்கிற பழக்கம் பலருக்கு உண்டு. காலில் காயம் அதிகம் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நடக்கும்போது விரல் விசையில் இருக்கக் கூடாது, கைப்பிடியில். ஏணி ஏறும்போது, ஆணி சிக்கிக்கொண்டால் எடுக்கும்போது, சாப்பிடப் போகும்போது, இன்னொருத்தர் கையில் கொடுக்கும்போது குழாயைக் கழட்டிவிடுங்கள். 'அரை நிமிஷ வேலைக்கு குழாயைக் கழட்டணுமா' என்பார்கள். கழட்ட ரெண்டு நொடி, மாட்ட ரெண்டு நொடி.

கண்ணாடி விஷயத்தில் சமாதானமே கிடையாது. காயில் ஆணியை இணைக்கிற கம்பித் துணுக்கு ஒவ்வொரு அடிக்கும் தெறிக்கிறது. பவர் கண்ணாடி போட்டிருந்தாலும் அது காவல் ஆகாது, மேலே பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். பக்கத்தில் நின்று பலகை எடுத்துக் கொடுக்கிற பையனுக்கும் வேண்டும். காதுக்கு அடைப்பான் போடுங்கள். அடிக்கிற சத்தம் ஒன்று, காற்று வெளியே போகிற சத்தம் ஒன்று, ஒரு ஆணிக்கு ரெண்டு வெடி. காது ஒரே நாளில் போகாது, வருஷக்கணக்கில் போகும், போனது திரும்பாது. ஹவாய் செருப்போடு கன் பிடிப்பதைப் பற்றி என்ன சொல்ல!

இப்போது பல பட்டறைகளில் பீகார், ஒடிசா, அசாம் தம்பிகள்தான் வேலை பார்க்கிறார்கள். தமிழில் எழுதிய போர்டு அவர்களுக்கு வெறும் படம். அமெரிக்காவில் இதே பிரச்சினை வந்தபோது, ஸ்பானிஷ் பேசுகிற தொழிலாளிகளுக்காக அந்த மொழியிலேயே படக்கதை மாதிரி அச்சடித்துக் கொடுத்தார்கள். இங்கே இந்தி தெரிந்த ஒரு சூப்பர்வைசர் பத்து நிமிஷம் கன்னைக் கையில் வைத்துச் செய்து காட்டினால் போதும். முதல் நாளே கன்னைக் கொடுத்து 'அடி' என்று விடுகிற பட்டறைகள்தான் அதிகம்.

ஆணி ஏறிட்டா என்ன செய்யணும்?

முதல் காரியம், குறடை எடுக்காதீர்கள். 'ஆணிதானே, இழுத்துடலாம்' என்பதுதான் பெரிய தப்பு. பேலட் ஆணியில் பெரும்பாலும் வளையமோ திருகோ இருக்கும். மரத்தை விட்டு வராமல் இருக்கத்தானே அப்படிச் செய்கிறார்கள்? சதையில் இருந்து இழுத்தாலும் அப்படித்தான், நரம்பைக் கிழித்துக்கொண்டு வரும். கம்பித் துணுக்கு, பசை எல்லாம் உள்ளேயே தங்கிவிடும். எலும்பில் பட்டிருந்தால் உடைந்தும் இருக்கலாம், வெளியே தெரியாது.

ஆணி ஆடாதபடி சுற்றிலும் சுத்தமான துணி வைத்துக் கட்டி, அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போகணும். ஆணி வெளியே வந்துவிட்டது, சின்ன ஓட்டைதான் என்றாலும் டாக்டரிடம் காட்டி எக்ஸ்ரே எடுத்து, டெட்டனஸ் ஊசியும் போட்டுக்கொள்ள வேண்டும். ஆழமான சின்ன ஓட்டையில்தான் சீழ் கட்டும். எந்த ஆணி அடித்ததோ அதே மாதிரி ஒன்றைப் பையில் போட்டு எடுத்துப் போனால் டாக்டருக்கு உதவும்.

சென்னைவாசிகளுக்கு வடசென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சைக்கென்றே பேர்போன தனிப்பிரிவு இருக்கிறது. விரல் மரத்துப் போனாலோ, மடக்க நீட்ட வரவில்லை என்றாலோ அங்கே தாமதிக்காமல் போகணும். கண்ணில் பட்டால் எழும்பூர் அரசு கண் மருத்துவமனை. கண்ணைக் கசக்கக் கூடாது, தண்ணீர் ஊற்றி அலசி ஆணியையோ கம்பியையோ எடுக்க முயற்சி பண்ணக் கூடாது. ஒரு பேப்பர் கப்பைக் கண் மேல் அழுத்தாமல் கவிழ்த்து ஒட்டிக்கொண்டு கிளம்புங்கள். தலை, மார்பு, வயிற்றில் பட்டால் 108-க்கு போன்.

பணம் யார் கொடுப்பது?

10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற தொழிற்சாலை என்றால் சம்பள வரம்புக்குள் இருப்பவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. கட்டாயம். வேலையில் பட்ட காயத்துக்கு முதல் நாளில் இருந்தே உரிமை உண்டு. நேற்றுதான் சேர்ந்தேன், பணமே கட்டவில்லை என்றாலும் சரி. சிகிச்சை இலவசம். வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு சராசரி தினக் கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். காயம் பட்ட நாளைத் தவிர்த்து குறைந்தது 3 நாளாவது வேலைக்குப் போக முடியாமல் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. விரல் நிரந்தரமாக ஊனமானால் அதற்குத் தனி உதவித்தொகை.

ஆனால் ஒன்று. விபத்து நடந்ததை முதலாளி ஈ.எஸ்.ஐ.க்கு எழுதிக் கொடுத்தால்தான் இதெல்லாம் சிக்கல் இல்லாமல் கிடைக்கும். 'கீழே விழுந்துட்டேன்னு சொல்லிடுப்பா, செலவை நான் பாத்துக்கறேன்' என்று சில இடங்களில் சமாதானம் பேசுவார்கள். முதல் வாரம் பார்த்துக்கொள்வார்கள். விரல் மடங்கவில்லை என்று மூன்றாவது மாதம் போய் நின்றால்? அதனால் பட்டறையின் விபத்துப் பதிவேட்டில் அன்றைக்கே எழுத வையுங்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் 'எப்படிப் பட்டது?' என்று கேட்கும்போது, வேலை நேரத்தில் ஆணி துப்பாக்கியில் பட்டது என்று உள்ளதைச் சொல்லி, சீட்டிலும் அப்படியே எழுதியிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். படிக்கத் தெரியாதவர் கூட வந்தவரை விட்டுப் படிக்கச் சொல்லலாம்.

அந்த கன்னையும் அப்படியே அடுத்தவர் கையில் கொடுத்துவிட வேண்டாம். காற்றைக் கழட்டி, ஆணியை எடுத்து, மூக்கு ஸ்பிரிங் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மறுபடி வேலைக்கு.